கட்டங்களுக்கு நடுவே இருப்பது யார்?

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் விச்சிட்டா என்று ஓர் ஊர். அங்கே கிராண்ட் ஸ்னைடர் என்ற பல் டாக்டர் இருக்கிறார். கோணல்மாணலாக முளைத்த பற்களுக்குக் கம்பி கட்டி நேராக்குவது அவர் தொழில். மற்ற நேரத்தில் காமிக்ஸ் வரைகிறார். அவருடைய காமிக்ஸில் வில்லன் கிடையாது, துரத்தல் கிடையாது, குண்டும் வெடிக்காது. ஒருவர் உட்கார்ந்து புத்தகம் படிப்பார். இன்னொருவர் எழுத வார்த்தை கிடைக்காமல் திண்டாடுவார். ஒரு பக்கத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு படம், படத்தோடு சில சொற்கள், அவ்வளவுதான். புத்தகங்களையும் வாசிப்பையும் பற்றி அவர் வரைந்தவை 2020இல் தனித் தொகுப்பாகவே வந்தன. அந்தப் பக்கங்களைச் சுவரில் மாட்டி வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

ஸ்காட்லாந்துக்காரர் டாம் கால்டும் இதே கட்சிதான். லண்டனிலிருந்து வரும் ‘கார்டியன்’ நாளிதழின் புத்தகப் பகுதிக்கு எழுத்தாளர்களையும் வாசகர்களையும் கிண்டல் செய்து வரைவார். ‘நியூ சயன்டிஸ்ட்’ இதழுக்கு விஞ்ஞானிகளைக் கிண்டல் செய்வார். அவர் வரையும் ஆட்களுக்கு முகம் என்று பார்த்தால் ஒன்றிரண்டு கோடும் புள்ளியும்தான் இருக்கும். ஆனாலும் ஆள் கோபமாக இருக்கிறாரா, வெட்கப்படுகிறாரா என்று நமக்குத் தெரிந்துவிடும்.

சண்டையே இல்லாமல், சும்மா புத்தகம் படிக்கிற ஆளைப் பார்த்து நாம் ஏன் சிரிக்கிறோம்? “அட, இது நான்தான்” என்று ஏன் தோன்றுகிறது? இதில் ஓவியரின் சாமர்த்தியம் பாதி. மீதிப் பாதியை உங்கள் கண்ணும் மூளையும் செய்கின்றன. அந்த மீதிப் பாதியைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம். ஒரு கண்ணாடி, சில கலர் பேனாக்கள், ஒரு தோழன் அல்லது தோழி, இவை மட்டும் இருந்தால் போதும்.

முதலில் கண்ணாடிமுன் நில்லுங்கள். கண்ணாடியில் தெரியும் உங்கள் இடது கண்ணைப் பாருங்கள். பிறகு வலது கண்ணைப் பாருங்கள். மறுபடி இடது. கண் அசைவது தெரிகிறதா? தெரியாது. பக்கத்தில் நிற்கும் தோழியைக் கேளுங்கள். “இப்படியும் அப்படியும் துள்ளுதே!” என்பாள். கண் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும் அந்தக் கண நேரத்தில் வரும் மங்கலான காட்சியை மூளை கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. அதனால்தான் உங்கள் கண் அசைவதை நீங்களே பார்க்க முடிவதில்லை.

படிக்கும்போதும் இதேதான். வரிமேல் நம் கண் வழுக்கிக்கொண்டு போவதாக நினைக்கிறோம். உண்மையில் அது தத்தித் தத்தித்தான் போகிறது. ஓரிடத்தில் சுமார் கால் நொடி நிற்கும். பிறகு ஒரு தாவல். மறுபடி கால் நொடி. நிற்கும்போதுதான் படிக்கிறோம். தாவும்போது ஒன்றும் படிப்பதில்லை. பத்துத் தாவலுக்கு ஒன்றாவது பின்பக்கம் போய், “என்ன சொன்னான்?” என்று பார்த்துவிட்டு வரும்.

இதை 1870களின் கடைசியில் எழுதி வைத்தவர் எமில் ஜாவல் என்ற பிரெஞ்சுக் கண் டாக்டர். அவருடைய ஆய்வகத்தில் லாமார் என்பவர் இதை எப்படிக் கண்டுபிடித்தார் தெரியுமா? வீடியோவும் கேமராவும் உதவாத காலம் அது. படிக்கிறவரின் மேல் இமைமீது ஒரு சிறு கருவியின் மழுங்கிய முனையை மெல்ல வைத்தார். அதிலிருந்து ரப்பர்க் குழாயைத் தன் காதுக்குக் கொண்டுவந்தார். கண் ஒவ்வொரு முறை தாவும்போதும் ஓர் ஓசை கேட்டது. வரிக்கு எத்தனை ஓசை என்று எண்ணினார். கண்ணைக் காதால் ஆராய்ந்த இந்த யோசனையை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்புதான். ஜாவலுக்குப் பிற்காலத்தில் கண்நீர் அழுத்த நோயால் பார்வையே போய்விட்டது. அதன் பிறகும் அவர் எழுதுவதை விடவில்லை. பார்வையற்றவர்களின் வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்.

கண் ஏன் தாவ வேண்டும்? விழித்திரையின் நடுவில் ஃபோவியா என்று ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. எழுத்தைக் கூர்மையாகப் பார்க்க அந்த இடத்தால்தான் முடியும். அது எவ்வளவு பரப்பைப் பார்க்கும்? கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். அந்த நகத்தின் அகலம்தான், கொஞ்சம் முன்பின் இருக்கும். மற்றதெல்லாம் மசமசதான். நம்பிக்கை இல்லையென்றால், இந்த வரியில் ஏதாவது ஒரு சொல்லை வெறித்துப் பார்த்தபடி, கண்ணை அசைக்காமல் நாலு வரி கீழே என்ன இருக்கிறது என்று படித்துப் பாருங்கள். கரண்ட் போன இரவில் சின்ன டார்ச்சை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்ப்பதுபோலத்தான் நாம் உலகத்தையே பார்க்கிறோம்.

காமிக்ஸ் வரைகிறவருக்கு இது தெரியும். அறிவியலாகத் தெரியாவிட்டாலும் கைப்பழக்கத்தில் தெரியும். ஒரு பக்கத்தைத் திருப்பியதும் வாசகரின் கண் எங்கே முதலில் போய் விழும்? பெரும்பாலும் எழுத்திலும் முகத்திலும்தான். ஆகவே முதலில் பேசுகிறவரின் பலூனை இடப்பக்கம் மேலே வைப்பார். பதில் சொல்பவரின் பலூன் வலப்பக்கம், சற்றுக் கீழே. பலூனின் வால் பேசுகிறவரின் வாயைக் காட்டும். ஓடுகிறவர் இடமிருந்து வலமாக ஓடினால் நம் கண் போகும் திசையிலேயே ஓடுகிறார். நாமும் சேர்ந்து ஓடுவோம். ஜப்பானிய மாங்கா வலமிருந்து இடமாகப் படிக்கப்படுவது. முதன்முதலில் அவற்றை ஆங்கிலத்தில் போட்டபோது, பக்கத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி அச்சடித்தார்கள். திசை சரியாகிவிட்டது. ஆனால் கதையில் வந்த வலக்கைக்காரர்கள் எல்லாரும் இடக்கைக்காரர்களாகிவிட்டார்கள்! பிறகுதான் ஜப்பானிய வரிசையிலேயே விட்டார்கள். வாசகர்கள் பழகிக்கொண்டார்கள்.

பழகிக்கொள்ள வேண்டும் என்பதைக் கவனியுங்கள். படக்கதை படிப்பது தானாக வருவது என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் வீட்டில் காமிக்ஸே தொடாத பெரியவர் யாரிடமாவது ஒரு பக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். எந்தக் கட்டத்துக்குப் பிறகு எந்தக் கட்டம், யார் பேசியது முதலில் என்று தடுமாறக்கூடும். நீங்கள் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டீர்கள். கற்றது மறந்து போகும் அளவுக்கு நன்றாகக் கற்றிருக்கிறீர்கள்.

கண் போய் எழுத்தில் விழுந்துவிட்டது. அப்புறம்? இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். 1887இல் பாரிஸில் ஜூல் டெஜெரின் என்ற டாக்டரிடம் ஒரு வியாபாரி வந்தார். நன்றாகப் பேசினார். எதிரில் இருக்கும் பொருளைச் சரியாகச் சொன்னார், ஆட்களை அடையாளம் கண்டார். தாளும் பேனாவும் கொடுத்தால் எழுதவும் செய்தார். ஆனால் தான் எழுதியதைத் தன்னாலேயே படிக்க முடியவில்லை! எழுத்துகள் கண்ணுக்குத் தெரிகின்றன, ஆனால் வெறும் கோடுகளாகத் தெரிகின்றன. அவர் இறந்த பிறகு மூளையைச் சோதித்தபோது, இடது பாதியின் பின்பகுதியில் பழுது இருந்தது. இன்று ஸ்கேன் கருவிகளை வைத்து ஸ்டனிஸ்லாஸ் டெஹேன், லோரான் கோஹன் போன்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் அந்தப் பகுதியை நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். மூளையின் இடது பாதியில், பின்புறம், அடிப்பக்கமாக, எழுத்தை அடையாளம் காணும் ஓர் இடம் இருக்கிறது. சீனம் படித்தாலும் ஹீப்ரு படித்தாலும் ஏறத்தாழ அதே இடம்தான் வேலை செய்கிறது.

மனிதர் எழுதத் தொடங்கி ஐயாயிரம் ஆண்டுக்குச் சற்று மேல் இருக்கும். மூளையில் புதிதாக ஓர் உறுப்பு முளைக்க அது போதாது. அப்படியானால் எழுத்துக்கென்று இடம் எங்கிருந்து வந்தது? டெஹேன் சொல்லும் விடை இது: பொருள்களையும் முகங்களையும் அடையாளம் காணும் பகுதியிலிருந்து ஒரு துண்டை வாசிப்பு தனக்காக எடுத்துக்கொள்கிறது. முகத்துக்கான இடமும் எழுத்துக்கான இடமும் மூளையில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். படிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு முகம் பார்க்கும் வேலை வலது பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக நகர்ந்துவிடுவதையும் அவருடைய குழு கண்டது. முகமும் எழுத்தும் அருகருகே இருப்பது காமிக்ஸ் கட்டத்தில் மட்டுமல்ல பாருங்கள், மண்டைக்குள்ளும் அப்படித்தான்.

ஒருமுறை படிக்கக் கற்றுவிட்டால் அதை நிறுத்த முடியாது. சோதித்துப் பார்க்கலாம். கலர் பேனாக்களை எடுங்கள். சிவப்பு மையில் ‘பச்சை’ என்று எழுதுங்கள். நீல மையில் ‘மஞ்சள்’. பச்சை மையில் ‘சிவப்பு’. மஞ்சள் மையில் ‘நீலம்’. இப்படி இருபது சொல் எழுதித் தோழனிடம் நீட்டி, “எழுதியதைப் படிக்காதே, மையின் நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்” என்று கேளுங்கள். திக்குவான். நாக்கு குழறும். ‘பச்சை’ என்று எழுதியிருப்பதைப் படிக்காமல் இருக்க அவனால் முடியாது. ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்ற அமெரிக்கர் 1935இல் வெளியிட்ட சோதனை இது. இன்னும் எழுத்துக் கற்காத தம்பி தங்கையிடம் செய்து பாருங்கள். கடகடவென்று நிறத்தைச் சொல்லிவிட்டு உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

காமிக்ஸில் எழுத்தும் ஓர் ஓவியம் என்பதற்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

வோல்ஃப்காங் கோலர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1929இல் ஒரு விளையாட்டைச் சொன்னார். இரண்டு உருவங்கள். ஒன்று முனை முனையாகக் குத்தும் நட்சத்திரம். இன்னொன்று மேகம்போல் உருண்டு திரண்டது. ஒன்றின் பெயர் ‘தகேட்டே’, மற்றதன் பெயர் ‘பாலூபா’. எது எது? ரொம்ப வருடம் கழித்து, 2001இல் வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் இதையே ‘கிகி’, ‘பூபா’ என்ற பெயர்களோடு எழுதினார்கள். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் மூளை ஆய்வாளராகப் புகழ்பெற்றவர். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைக் கேட்டார்கள், இங்கே தமிழ் பேசுகிறவர்களையும் கேட்டார்கள். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் ஒரே விடை. முனை முனையாக இருப்பது கிகி, உருண்டையாக இருப்பது பூபா. ‘பூ’ என்னும்போது உதடு குவிகிறது. ‘கி’ என்னும்போது நாக்கு வெடுக்கென்று எழும்பி மோதுகிறது. காதில் விழும் ஓசைக்கும், வாயின் அசைவுக்கும், கண்ணில் படும் வடிவத்துக்கும் மூளையில் எங்கோ ஓர் உறவு இருக்கிறது.

இப்போது ஒரு காமிக்ஸை எடுத்துப் பலூன்களைப் பாருங்கள். சாதாரணப் பேச்சுக்கு வழவழப்பான பலூன். கத்தினால் பலூனின் ஓரம் முள்முள்ளாக நிற்கும். கிசுகிசுத்தால் ஓரக்கோடு விட்டு விட்டுப் புள்ளியாக இருக்கும். மனசுக்குள் நினைத்தால் மேகம். எழுத்தைப் படிப்பதற்கு முன்பே, “இவன் கத்துகிறான்” என்பது உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. காகிதத்துக்குக் குரல் கிடையாது. குரலைக் கண்ணுக்குக் காட்ட ஓவியர்கள் கண்டுபிடித்த வழி இது.

ஆங்கில காமிக்ஸில் பேச்சையெல்லாம் பெரும்பாலும் கேப்பிட்டல் எழுத்தில்தான் எழுதுவார்கள். நமக்குக் கேப்பிட்டல் இல்லை. அதனால் என்ன? ‘ஐயோ’வை ‘ஐயோஓஓஓ’ என்று நீட்டலாம். இலக்கண வகுப்பில் அளபெடை என்று படித்திருப்பீர்களே, ஓசை நீண்டால் பக்கத்தில் இன எழுத்தைப் போட்டுக் காட்டுவது, அது காமிக்ஸ்காரர்களுக்கு என்றே செய்து வைத்த விதிபோல இருக்கிறது. ஆனால் வேறொரு தொல்லை உண்டு. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த ‘இரும்புக்கை மாயாவி’ இங்கிலாந்திலிருந்து வந்த கதை. 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸிலும் வெளிநாட்டுக் கதைகள் ஏராளம். அந்தப் பலூன்கள் ஆங்கிலச் சொற்களுக்காக அளவெடுத்து வரையப்பட்டவை. அதற்குள் ‘தப்பித்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒரே சொல்லை நுழைத்துப் பாருங்கள்! சொல்லை நடுவில் உடைத்து அடுத்த வரியில் போட வேண்டும், அல்லது எழுத்தைப் பொடியாக்க வேண்டும், அல்லது வசனத்தையே சுருக்க வேண்டும். நல்ல மொழிபெயர்ப்பாளர் ‘தப்பிக்கிறார்கள்!’ என்று முடித்துவிடுவார்.

ஓசைக்கு மட்டும் நமக்குப் பஞ்சமே இல்லை. தேங்காய் விழுந்தால் தொப். தட்டு விழுந்தால் டணார். கதவு கிரீச். மழை சோவென்று. சலசல, தடதட, மளமள என்று இரட்டைக்கிளவி வரிசையாக நிற்கிறது. இன்னொன்று கவனித்தீர்களா? பளபள, மினுமினு, வழவழ என்பவை ஓசையே இல்லை. கண்ணுக்குத் தெரிவதையும் கைக்குத் தட்டுப்படுவதையும் ஓசைபோலச் சொல்கிறோம். ஜப்பானியர்களும் இதில் கெட்டிக்காரர்கள். ஒருவரும் பேசாத நிசப்தத்துக்குக்கூட ‘ஷீன்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். மாங்காவில் காலி அறையின் நடுவே அதை எழுதி விடுவார்கள். அமைதியை எழுத்தில் வரைந்த படம் அது!

ஒரு தாளில் ‘தொப்’ என்றும் ‘கிரீச்’ என்றும் வரைந்து பாருங்கள். எழுதச் சொல்லவில்லை, வரையச் சொல்கிறேன். ‘தொப்’புக்கு எழுத்துகள் குண்டாக, கீழே கனத்து உட்கார்ந்துகொண்டு வரும். ‘கிரீச்’சுக்குக் கை தானாகவே ஒல்லியான, கூரான கோடுகளை இழுக்கும். யாரும் உங்களுக்கு அப்படிச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

‘பீட்டில் பெய்லி’ என்ற பட்டாளத்துக்காரக் கதாபாத்திரத்தை உருவாக்கிய மார்ட் வாக்கர், காமிக்ஸில் வரும் இந்தச் சங்கேதங்களுக்கெல்லாம் விளையாட்டாகப் பெயர் சூட்டி 1980இல் ஓர் அகராதியே போட்டார். பயந்தவர் தலையைச் சுற்றித் தெறிக்கும் வியர்வைத் துளிகள் ‘ப்ளூட்ஸ்’. வேகமாக ஓடியவர் விட்டுப்போன தூசிமேகம் ‘பிரிஃபிட்’. திட்டும்போது கெட்ட வார்த்தைக்குப் பதிலாக வரும் நட்சத்திரமும் சுழியும் ‘கிராலிக்ஸ்’. கிண்டலாகத்தான் வைத்தார். ஆனால் அந்தப் பெயர்கள் ஒட்டிக்கொண்டன.

சரி, தலைப்புக்கு வருகிறேன். ஒரு கட்டம். பையன் ஒருவன் கையில் கல், கண் மாங்காய்மேல். அடுத்த கட்டம். ஓட்டுவீட்டின் கூரையில் ஓர் ஓட்டை, பாட்டி வாசலுக்கு ஓடி வருகிறார். கல்லை எறிந்தது யார்? பையன் எறிவதுபோல் எந்தப் படமும் இல்லையே! இரண்டு கட்டங்களுக்கும் நடுவே இருப்பது விரல் அகலம்கூட இல்லாத வெள்ளை இடம். கல் பறந்தது அங்கேதான். பறக்க விட்டவர் நீங்கள். ஸ்காட் மெக்ளவுட் என்ற ஓவியர் 1993இல் வெளியிட்ட ‘அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்’ புத்தகத்தில் இந்த வெள்ளை இடத்தைப் பற்றித்தான் நிறையப் பேசுகிறார். அந்தப் புத்தகமே காமிக்ஸாக இருப்பது அதன் அழகு.

வெள்ளை இடத்தில் மூளை சும்மா இல்லை என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1980இல் மார்ட்டா குடாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் என்ற இருவர், தலையில் மின்முனைகளைப் பொருத்திக்கொண்டவர்களிடம் ஒவ்வொரு சொல்லாக வாக்கியங்களைக் காட்டினார்கள். ரொட்டியில் எதையோ தடவினான் என்று வாக்கியம் போய், கடைசியில் ‘காலுறை’ என்று முடிந்தது! நம் பக்கத்தில் சொல்வதானால், “அம்மா இட்லிக்குத் தொட்டுக்கொள்ளச் செருப்பு அரைத்தார்” என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லைப் பார்த்து ஒரு நொடியில் பாதி ஆவதற்குள், சுமார் 400 மில்லிநொடியில், மூளையின் மின்னலையில் ஒரு மாற்றம் தெரிந்தது. “இது பொருந்தவில்லையே” என்று மூளை தடுக்குவதன் அடையாளம். அதற்கு என்400 என்று பெயர்.

அமெரிக்க ஆய்வாளர் நீல் கோனும் கூட்டாளிகளும் இதைக் காமிக்ஸில் செய்து 2012இல் வெளியிட்டார்கள். சார்லஸ் ஷுல்ஸ் வரைந்த ‘பீனட்ஸ்’ படக்கதைகளை எடுத்துக்கொண்டார்கள். எழுத்தில்லாத கட்டங்களாக ஒவ்வொன்றாய்த் திரையில் காட்டினார்கள். கதை ஒழுங்காகப் போனால் என்400 குறைவு. எல்லாக் கட்டமும் ஒரே விஷயத்தைப் பற்றி, ஆனால் கதையாகக் கோக்கவில்லை என்றால் கொஞ்சம் கூடுதல். கண்டபடி கலைத்துப் போட்டால் இன்னும் கூடுதல். ஒரு சொல் பொருந்தாதபோது தடுக்கும் மூளை, ஒரு படம் பொருந்தாதபோதும் அதே மாதிரி தடுக்குகிறது. சொற்களைக் கோத்து வாக்கியமாக்கும் வேலையும், கட்டங்களைக் கோத்துக் கதையாக்கும் வேலையும் அவ்வளவு தூரத்துச் சொந்தம் இல்லை.

அப்படியென்றால் சொற்களைப் பற்றியே வரையும் காமிக்ஸில் என்ன நடக்கிறது? நமக்குத் தெரிந்த ஆளையே கேட்போம். ‘டிங்கிள்’ இதழின் சுப்பாண்டி! எஜமானர் சொன்னதை அப்படியே, எழுத்துக்கு எழுத்து செய்வதுதான் அவன் வேலையே. பலூனில் இருக்கும் சொல்லுக்கு எஜமானர் மனதில் ஒரு பொருள். அடுத்த கட்டத்தில் சுப்பாண்டி செய்வது இன்னொரு பொருள். இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்து வைத்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான். எஜமானருக்கு இரண்டாவது பொருள் தோன்றவில்லை, சுப்பாண்டிக்கு முதலாவது தோன்றவில்லை. நீங்கள் முதலில் தடுக்குகிறீர்கள், பிறகு ‘ஓஹோ’ என்று பிடிபடுகிறது, சிரிப்பு வருகிறது. ஜோக்குகளைப் படிக்கும் மூளையை அளந்தபோதும் இந்த இரண்டு படிகள் தெரிந்திருக்கின்றன. தடுக்கலுக்கு ஓர் அலை, சரிசெய்துகொள்வதற்குச் சற்றுப் பின்னால் இன்னோர் அலை.

‘பீனட்ஸ்’ கதையில் வரும் ஸ்னூப்பி என்ற நாய் தன் கூண்டின் கூரைமேல் உட்கார்ந்து டைப்ரைட்டரில் நாவல் எழுதும். பத்திரிகைக்கு அனுப்பும். திரும்பி வந்துவிடும். மறுபடி எழுதும். எழுதி அனுப்பிக் காத்திருக்கும் எந்த எழுத்தாளரைக் கேட்டாலும், அந்த நாயைத் தனக்குத் தெரியும் என்பார். ஸ்னைடரின் பக்கத்தில் படிக்கிற ஆளுக்கும் இதே கதைதான். துப்பறிவாளர் கூரையில் தாவும்போது நீங்கள் நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறீர்கள். ஆனால் கட்டத்துக்குள் ஒருவர் புத்தகம் படிக்கும்போது, அவர் செய்வதையேதான் அந்த நிமிஷம் நீங்களும் செய்கிறீர்கள். சாகசக் கதையில் இந்தப் பொருத்தம் கிடைக்கவே கிடைக்காது. முகத்தில் கோடுகள் குறையக் குறைய அதில் நம்மையே பார்க்கிறோம் என்று மெக்ளவுட் ஒரு யோசனை சொல்கிறார். அது அவருடைய ஊகம், சோதனைச்சாலை முடிவு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு புள்ளி, ஒரு கோடு போட்டாலே மூளை அதை முகம் என்றுதான் பார்க்கும். சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட் உங்களைப் பார்த்து வாயைப் பிளப்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

“காமிக்ஸ் படித்தால் படிப்பு கெட்டுப்போகும்” என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். இந்தப் பயம் அமெரிக்காவில் ஒரு காலத்தில் செனட் விசாரணை வரைக்கும் போனது. பிரெடரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர் 1954இல் காமிக்ஸைத் தாக்கி ஒரு புத்தகம் எழுதினார். பதிப்பாளர்கள் பயந்துபோய்த் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, கரோல் டில்லி என்ற நூலக அறிவியல் பேராசிரியர் வெர்தமின் பழைய கோப்புகளை உட்கார்ந்து படித்தார். சிறுவர்கள் சொன்னதை அவர் மாற்றியும் சேர்த்தும் எழுதியிருந்தது தெரிந்தது. 2012இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

சொல்வளம் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. டொனால்ட் ஹேஸ் என்பவரும் மார்கரெட் ஆரன்ஸ் என்பவரும் 1988இல் வெளியிட்டது. அடிக்கடி வரும் சொற்களை ஒதுக்கிவிட்டு, ஆயிரம் சொல்லுக்கு எத்தனை அரிய சொல் வருகிறது என்று எண்ணினார்கள். சிறுவர் புத்தகங்களில் 30.9. கல்லூரி படித்த பெரியவர்கள் தமக்குள் பேசும் பேச்சில் 17.3. பெரியவர்களுக்கான புத்தகங்களில் 52.7. காமிக்ஸில் 53.5! இது ஆங்கிலக் கணக்கு. தமிழுக்கு அப்படியே ஒட்டாது. ஆனாலும் பாடப்புத்தகத்துக்குள் மறைத்துவைத்துப் படித்த கதைகளில்தான் பலர் ‘நீர்மூழ்கி’யையும் ‘உளவாளி’யையும் ‘கதிர்வீச்’சையும் முதலில் சந்தித்திருப்பார்கள் என்பது என் எண்ணம். பொருள் தெரியாத சொல்லுக்குப் பக்கத்திலேயே படம் இருக்கிறதே! அகராதி தேவையில்லை. ஆலன் பைவியோ என்ற கனடா நாட்டு உளவியலாளர் 1971இலேயே இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். சொல்லாக ஒரு தடம், படமாக ஒரு தடம் என்று இரண்டு வழியில் பதிவது நினைவில் நன்றாக நிற்கும் என்றார்.

கடைசியாக ஒரு வேலை. ஆறேழு கட்டம் உள்ள படக்கதை ஒன்றைக் கட்டம் கட்டமாக வெட்டுங்கள். கலைத்துப் போட்டுத் தோழியிடம் கொடுங்கள். பலூன்களின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி ஒருமுறை, எடுத்துவிட்டு ஒருமுறை, வரிசைப்படி அடுக்கச் சொல்லுங்கள். எந்த முறை சீக்கிரம் முடித்தாள் என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். ஒரே கதையை இரண்டு முறையும் கொடுக்காதீர்கள், இரண்டாவது தடவை அவளுக்கு விடை தெரிந்திருக்கும். இரண்டு வெவ்வேறு கதைகள் வேண்டும். இன்னொன்று, வெட்டுவதற்கு முன்னால் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவோ மாமாவோ பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் பழைய முத்து காமிக்ஸ்மேல் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, “ஒரு கட்டுரையில் போட்டிருந்தது” என்று என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.